கண்டிப்பு இருக்கட்டும், பிள்ளைகள் முன்னால் வேண்டாம்

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் சென்ற ஆண்டு முதல்வரானேன். தினமும் ரவுண்ட்ஸ் போகிறேன். வகுப்பில் தவறு தெரிந்தால் அங்கேயே சொல்லிவிடுவேன். ஏப்ரலில் ஆறு ஆசிரியைகள் விலகிவிட்டார்கள். சம்பளத்தைக் கூட்ட நிர்வாகம் தயாராக இல்லை. மிச்சம் இருப்பவர்களையாவது எப்படித் தக்கவைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, போனவர்களைக் குறை சொல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். அதனால் நானும் நேராகவே சொல்கிறேன். "அங்கேயே சொல்லிவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை நிறுத்துங்கள். நாற்பது பிள்ளைகள் முன்னால் திட்டு வாங்கிய மிஸ்ஸின் பேச்சை அடுத்த பீரியடில் யார் கேட்பார்கள்? சொல்ல வேண்டியதை மாலையில் உங்கள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, எவ்வளவு கண்டிப்பாக வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

சம்பளம் முக்கியம்தான், இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனால் அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் இங்கர்சால் 2001-ல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர்கள் பள்ளியை விட்டுப் போக வேறு காரணங்களும் உண்டு என்று காட்டியது. நிர்வாகம் துணை நிற்காதது, மாணவர் ஒழுங்குப் பிரச்சினை, பள்ளி எடுக்கும் முடிவுகளில் ஆசிரியர் பேச்சுக்கு இடமில்லாதது. ஊர் வேறு என்றாலும், இந்த மூன்றிலும் முதல்வரால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது.

துணை நிற்பது என்றால் என்ன? உங்கள் பகுதியையே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளர் வீடுகளில் அந்த இரண்டு மாதமும் வருமானம் முடங்கிவிடுகிறது. ஜூனில் பள்ளி திறந்ததும் ஃபீஸ் கட்டாத பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்கும் வேலையைப் பல பள்ளிகளில் வகுப்பு ஆசிரியை தலையில்தான் கட்டுகிறார்கள். பிள்ளை கூனிக்குறுகும். மறுநாள் அம்மா பள்ளி வாசலுக்கு வந்து மிஸ்ஸிடம்தான் சண்டை போடுவார். உங்கள் பள்ளியிலும் இப்படி நடந்தால் அந்த வேலையை ஆபீஸுக்கு மாற்றுங்கள். பெற்றோர் கோபமாக வந்தால் முதலில் நீங்கள் எழுந்து போய்ப் பேசுங்கள். ஆசிரியை பக்கம் தவறு இருந்தால்கூட அதை அவர்கள் போன பிறகு விசாரிக்கலாம். இந்த ஒன்றைச் செய்தாலே ஸ்டாஃப் ரூமில் பேச்சு மாறும்.

எண்ணூரிலிருந்து வருபவர் கன்டெய்னர் லாரி நெரிசலில் மாட்டிப் பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் லீவு போடுகிறீர்களா? எழுதவில்லை, ஆனால் கேட்கத் தோன்றுகிறது.

அதற்காக எல்லாவற்றையும் தளர்த்திவிடச் சொல்லவில்லை. உளவியலாளர் குர்ட் லெவினும் அவர் குழுவினரும் 1930-களின் இறுதியில் சிறுவர் குழுக்களை வைத்து நடத்திய ஆய்வில், அதட்டும் தலைவர் வெளியே போனதும் சிறுவர்களின் வேலை தளர்ந்தது. கண்டுகொள்ளாத தலைவரிடமும் வேலை சரியாக நடக்கவில்லை. கலந்து பேசி நடத்தியவரின் குழு, அவர் இல்லாதபோதும் வேலையைத் தொடர்ந்தது.

டைம்டேபிளில் தொடங்குங்கள். அடுத்த பருவத்துக்கான வரைவை ஆசிரியைகளிடமே கொடுங்கள். ஒருவருக்கே எல்லா சப்ஸ்டிட்யூஷனும் (லீவில் இருப்பவரின் வகுப்பைப் பார்ப்பது) போகிறதா என்பதை அவர்களே காட்டுவார்கள். அப்புறம், விலகிய ஆறு பேரில் இரண்டு பேருக்காவது போன் செய்து என்ன காரணம் என்று கேளுங்கள். பதிலுக்கு விளக்கம் சொல்லாமல் கேட்டு, குறித்துக்கொள்ளுங்கள்.