நிக்கான் எஃப்80: எஃப்ஈஈ மின்னுகிறது, ஷட்டர் விழவில்லை

வணக்கம். பழைய நிக்கான் எஃப்80 ஃபிலிம் கேமரா வாங்கி, 50 மிமீ எஃப்1.8டி லென்ஸ் மாட்டி, ஃபிலிமும் போட்டுவிட்டீர்கள்; திரையில் எஃப்ஈஈ என்று மின்னுகிறது, பட்டனை அழுத்தினால் ஷட்டர் விழவில்லை என்கிறீர்கள். கேமரா கெட்டுப்போகவில்லை, கவலைப்படாதீர்கள்.

லென்ஸின் அடிப்பகுதியில், கேமராவோடு சேரும் இடத்தில், எண்கள் போட்ட வளையம் இருக்கிறது அல்லவா? அதில் 22 மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். வளையத்தை அங்கே கொண்டுவந்து, பக்கத்திலுள்ள சின்னப் பூட்டைத் தள்ளிவிடுங்கள். இந்த கேமராவில் அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை, கேமராவின் உடலில் உள்ள சக்கரத்தால்தான் மாற்ற வேண்டும். லென்ஸ் வளையம் 22-ஐ விட்டு நகர்ந்தால் எஃப்ஈஈ மின்னி, ஷட்டர் பூட்டிக்கொள்ளும்.

அப்புறம், வீட்டுக்குள் வெள்ளைச் சுவரைப் பார்த்தால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது என்றீர்களே, அதுவும் கோளாறு இல்லை. ஆட்டோஃபோகஸுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டும். வெறும் சுவரில் அது கிடையாது. லென்ஸ் மாட்டும் இடத்தின் அருகிலுள்ள ஃபோகஸ் சுவிட்ச் 'எஸ்' நிலையில் இருந்தால், ஃபோகஸ் கிடைக்கும்வரை ஷட்டர் விழாது. ஆளை எடுக்கும்போது கண் இமையையோ சட்டைக் காலரின் ஓரத்தையோ பிடியுங்கள். பட்டனைப் பாதி அழுத்தி, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் வட்டப்புள்ளி நிலையாக எரிந்ததும், விரலை எடுக்காமல் ஃபிரேமை மாற்றி முழுதாக அழுத்துங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பும் முன் சுவிட்சை 'எம்'முக்கு மாற்றுங்கள். இந்த லென்ஸைச் சுழற்றுவது கேமராவுக்குள் இருக்கும் மோட்டார். மாற்றாமல் திருப்பினால் அதன் பற்களோடு மல்லுக்கட்டுவீர்கள்.