மலைக்குள் போகும் இயந்திரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உமா ஓயா நீர்மின் திட்டத்துக்காகச் சுரங்கம் குடைந்த இயந்திரம் எங்கள் ஊருக்கு வெகு ஆழத்தில் போனது என்கிறார்கள். அவ்வளவு ஆழத்தில் குடைந்ததற்கு, மேலே இருந்த கிணறுகள் ஏன் வற்றின? சுவர்கள் ஏன் வெடித்தன? அந்த இயந்திரம் எப்படித்தான் வேலை செய்கிறது?
– ஒரு வாசகி, பண்டாரவளை

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டால் மற்ற இரண்டுக்கும் விடை எளிதாகும். சுரங்கம் துளைக்கும் இயந்திரத்தின் முகப்பில், குடைய வேண்டிய சுரங்கத்தின் முழு அகலத்துக்கும் வட்டமான ஓர் உருக்குத் தலை இருக்கிறது. அது நிமிடத்துக்குச் சில சுற்றுகள் மட்டுமே சுழலும். மரத்தில் துறப்பணம் இறங்குவதுபோல அது கல்லைத் துருவுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், தலையில் பதித்திருக்கும் சுமார் ஒன்றரை அடி விட்டமுள்ள உருக்குத் தட்டுகள், ஒவ்வொன்றும் 20 தொன்னுக்கு மேற்பட்ட அழுத்தத்தோடு பாறைமீது உருண்டு வட்டத் தடங்களைப் பதிக்க, பக்கத்துப் பக்கத்துத் தடங்களுக்கு இடைப்பட்ட கல் வெடித்துச் சில்லுகளாகப் பெயர்ந்து விழுகிறது. இப்படி வந்த சில்லு ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்: உள்ளங்கையளவு, நடுவில் தடிப்பு, ஓரம் விரலைக் கீறும் அளவுக்கு மெலிவு, தட்டு உருண்ட பக்கத்தில் அப்பியிருந்த வெள்ளைக் கல்மாவு. சம்மட்டியும் உளியுமாகத் தோட்டத்தில் கல்லுடைத்த பெரியவர்கள் அதைக் கண்டால், கல்லின் போக்கறிந்துதான் உடைத்திருக்கிறார்கள் என்று ஒத்துக்கொள்வார்கள்.

இயந்திரம் முன்னேறும் விதத்தை, கொழுந்துக் காட்டில் அட்டை நகர்வதைப் பார்த்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பின்பாகம் இருபுறமும் உருக்குப் பாதங்களை விரித்துப் பாறையில் ஊன்றிக்கொள்ள, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் உந்திகள் முன்பாகத்தைத் தள்ளுகின்றன. ஒரு நீட்டம் முடிந்ததும் பாதங்கள் மடங்கி, பின்பாகம் இழுபட்டு முன்னே வந்து மறுபடி ஊன்றுகிறது. இரட்டைக் கவசம் உள்ள வகையில், முன்னே கல் உடையும்போதே பின்னே வளைந்த கொங்கிறீற் துண்டுகளை வளையமாகப் பூட்டிவிடலாம். வளையத்துக்கும் பாறைக்கும் இடையே எஞ்சும் இடைவெளி சரளையாலோ சிமெந்துக் குழம்பாலோ நிரப்பப்படும். உடைந்த கல்லை ஓடும் நீளப் பட்டி ஒன்று வெளியே கொண்டுபோகும்.

இனி உங்கள் கிணற்றுக்கு வருவோம். நமது மலைகளின் பாறை கடினமானதுதான். ஆனால் ஒரே கட்டியாக இல்லை. அதில் வெடிப்புகளும் நொறுங்கிய படலங்களும் ஓடுகின்றன. பெய்த மழையெல்லாம் இறங்கி அவற்றில்தான் தேங்கி நிற்கிறது, கிணறும் பீலியும் அதிலிருந்துதான் ஊறுகின்றன. சில நூறு மீற்றர் உயரத்துக்கு நீர் நிற்கும் அத்தகைய வெடிப்பைச் சுரங்கம் குறுக்கே வெட்டினால், மலையின் அடியில் ஒரு வடிகாலைத் திறந்துவிட்டதாகவே ஆகும். டயரபாவிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கும் சுமார் 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தில் 2014 டிசம்பரில் நீர் பாய்ந்தபோது நடந்தது இதுதான். நீர்மட்டம் இறங்கியது, கிணறும் ஊற்றும் வற்றின. மண்ணின் துளைகளில் இருந்த நீர் அதுவரை மேற்சுமையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருந்தது. நீர் போனதும் முழுச் சுமையும் மண்ணின்மீது விழ, மண் அமுங்கியது. எங்கும் ஒரே அளவில் அமுங்கினால் வீட்டுக்குப் பெரிய சேதமில்லை. ஒரு மூலை அதிகமாக அமுங்கும்போதுதான் சுவர் வெடிக்கிறது.

கொங்கிறீற் வளையம் பூட்டியிருக்கிறதே என்று கேட்பீர்கள். அவ்வளவு ஆழத்து நீரழுத்தத்தை அந்த வளையம் மட்டும் தடுத்து நிறுத்துவதில்லை. சுற்றியுள்ள பாறையின் வெடிப்புகளுக்குள்ளேயே சிமெந்துக் குழம்பை அழுத்திச் செலுத்தி அடைக்க வேண்டும். இதை இயந்திரம் அங்கே போய்ச் சேருமுன் செய்வதே சிறந்தது. அதற்காக அவ்வப்போது நிறுத்தி, முன்னாலுள்ள பாறையில் சிறு துளைகள் நீளமாகப் போட்டு நீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் அடைத்துவிட்டுத்தான் நகர்வார்கள். ஒரு நாளில் இத்தனை மீற்றர் போனது என்று கணக்குச் சொல்லிப் பெருமைப்படும் தொழிலில், இந்த நிறுத்தங்கள் வீணான நேரமாகத் தெரிவதுண்டு. என் அபிப்பிராயத்தில் மலைநாட்டில் மிகவும் மதிக்கப்பட வேண்டிய வேலை அதுதான். உமா ஓயாவின் 120 மெகாவாட் மின்நிலையம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. நீர் பாய்ந்ததற்கும் அதற்கும் இடையே ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன.

கேள்வி: சிங்கமலைச் சுரங்கத்தை வெள்ளைக்காரன் காலத்தில் கையாலேயே குடைந்தார்கள். இன்று குடைவதானால் இந்த இயந்திரத்தைக் கொண்டுவருவார்களா?
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: கொண்டுவர மாட்டார்கள். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள அந்த ரயில் சுரங்கம் அரைக் கிலோமீற்றரைச் சற்றே தாண்டும். இயந்திரத்தைச் செய்வித்து, கப்பலில் ஏற்றி, மலைப்பாதையில் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டி முடிப்பதற்குள், துளையிட்டு வெடிவைக்கும் பழைய முறையிலேயே வேலை முடிந்துவிடும். நீளமான சுரங்கத்துக்குக்கூட இயந்திரம் கட்டாயமில்லை. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கம் துளையிட்டு வெடிவைத்தே குடையப்பட்டது. இடையிடையே பக்கவழி அமைக்க முடிந்தால் பல முனைகளிலிருந்து ஒரே நேரத்தில் வெடிவைத்துப் போகலாம். ஓர் இயந்திரத்துக்கோ ஒரு முனைதான்.

கேள்வி: உள்ளே சிக்கிக்கொண்டால் இயந்திரத்தைப் பின்னால் எடுக்க முடியுமா?
– ஒரு மாணவி, பதுளை

பதில்: கொங்கிறீற் வளையம் பூட்டிய சுரங்கத்தில் முடியாது, தன் தலையைவிட ஒடுங்கிய குழாயை அது தனக்குப் பின்னால் கட்டிக்கொண்டே போகிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் 2013 டிசம்பரில் நின்றுபோன 17.5 மீற்றர் விட்டமுள்ள இயந்திரத்தை, முன்னால் தரையிலிருந்து பெருங்குழி தோண்டி, தலையைக் கழற்றி மேலே தூக்கிப் பழுதுபார்த்தார்கள். மறுபடி ஓடவைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. தலைக்குமேல் ஒரு மலையே நிற்கும் இடத்தில் அப்படிக் குழி தோண்ட வழியில்லை. ஆட்களே இயந்திரத்தைச் சுற்றிக் கையால் பாறையைக் குடைந்து அதை விடுவிக்க வேண்டும்.