மியூசியத்தில் ஏன் இவ்வளவு மங்கலான வெளிச்சம்?

செட்டிநாட்டு வீடுகளின் பளிச்சென்ற முற்றத்தைப் பார்த்துவிட்டு அருங்காட்சியகம் போகிறவர்களுக்கு வரும் சந்தேகம் இது. வெளிச்சத்தை இப்படிக் குறைத்துவைப்பது தடுப்புப் பராமரிப்பில் ஒரு வழி. பொருள் கெட்ட பிறகு சரிசெய்யாமல், கெடாமலே பார்த்துக்கொள்வது.

வெளிச்சம் சாயத்தைச் சிறுகச் சிறுகத் தின்னும். போன நிறம் திரும்பாது. அதனால் துணி, காகிதம் போன்றவற்றுக்குச் சுமார் 50 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது ஒரு பொருள்மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) தருவார்கள். நேர் வெயிலோ பல்லாயிரம் லக்ஸ். அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையைப் பிரித்துப் பாருங்கள்: மடிப்புக்குள் அரக்குச் சிவப்பு அப்படியே இருக்கும், வெளிச்சம் பட்ட ஓரம் வெளிறியிருக்கும்.

சரி, இருட்டில் பூட்டிவைத்தால் யார் பார்ப்பது? அதற்குத்தான் துணிகளை முறைவைத்து மாற்றிக் காட்டுவது, ஸ்கேன் செய்து இணையத்தில் போடுவது, தொட்டுப் பார்க்க நகல் வைப்பது எல்லாம். (பிள்ளைகள் நகரவே மாட்டேன் என்பது அந்த நகல் பக்கம்தான்.)

பாதுகாப்பது என்றால் புதிதுபோல் மினுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெண்கலச் சிலைகளுக்கென்றே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கலாம். சோழர் காலச் சிலையைத் தேய்த்தால் களிம்போடு நுணுக்க வேலைப்பாடும் போய்விடும்.