வேலை இழந்தவருக்கு யார் ஈடு கொடுப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலக வணிகம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். சந்தையைத் திறந்துவிட்டதால் பல நாடுகள் வளர்ந்தன என்று எழுதியிருந்தீர்கள். என் அண்ணன் வாலிப வயதிலிருந்து லேத் மெஷினில் வேலை பார்த்தவர். வெளிநாட்டுச் சரக்கு பாதி விலைக்கு வந்து இறங்கியதும் கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது காவலாளி வேலைக்குப் போகிறார். சம்பளம் பழையதில் பாதிகூட இல்லை. நாடு வளர்ந்தது என்றால் அதில் அவருடைய பங்கு எங்கே? இறக்குமதி வரியைக் கூட்டினால் இந்த வேலைகள் திரும்பி வராதா? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அண்ணனுக்கு நடந்தது அநியாயம். வரியைக் கூட்டினால் அவருடைய வேலை திரும்பி வந்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்ச்சுகல் திராட்சை மது செய்யட்டும், மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம் என்று ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ 1817இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அது நாட்டின் மொத்தத்துக்குப் போட்ட கணக்கு. லாபம் கோடிக்கணக்கான பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து போகிறது. நட்டமோ சில ஊர்களின் தலையில் மொத்தமாக விழுகிறது. லாபம் அடைந்தவர்கள் நட்டப்பட்டவர்களுக்கு ஈடு கொடுத்த பிறகும் மிச்சம் இருக்கும் என்கிறது பொருளாதாரப் பாடம். அப்படிக் கொடுத்தாக வேண்டும் என்று, நாடுகளுக்கு இடையிலான வணிகத்துக்கு விதி வகுக்கும் உலக வர்த்தக அமைப்பின் எந்த விதியும் சொல்லவில்லை. என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான்.

சீனா 2001 டிசம்பரில் அந்த அமைப்பில் சேர்ந்தது. 2000க்கும் 2010க்கும் இடையில் அமெரிக்கத் தொழிற்சாலை வேலைகள் சுமார் 1.7 கோடியிலிருந்து 1.15 கோடியாகக் குறைந்தன. எல்லாவற்றுக்கும் சீனா காரணமல்ல. இயந்திரமயமும் 2008 நெருக்கடியும் தம் பங்குக்கு வெட்டின. ஆனாலும் டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் ஊர் ஊராகக் கணக்கெடுத்தபோது, எந்த ஊர் சீனச் சரக்கோடு நேராகப் போட்டியிட்டதோ அந்த ஊர்தான் அதிகமாக அடிபட்டது தெரிந்தது. வேலை போனவர்கள் வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வார்கள் என்றுதான் பாடம் நினைத்திருந்தது. பெரும்பாலோர் போகவில்லை. எப்படிப் போவார்கள்? ஆலை மூடிய ஊரில் வீட்டை யார் வாங்குவார்கள்? வயதான பெற்றோரை எங்கே விடுவது? ஆலையில் வேலை பார்க்காதவர்களின் சம்பளமும் அந்த ஊர்களில் இறங்கியது. பலர் கடைசியில் உடல் இயலாதோருக்கான உதவித்தொகையில் போய் ஒதுங்கினார்கள்.

வணிகத்தால் வேலை இழந்தவர்களுக்கென்றே அங்கே ஒரு திட்டம் இருந்தது. கென்னடி காலத்தில், 1962இல், தாராள வணிகச் சட்டத்தோடு சேர்த்துக் கொடுத்த வாக்குறுதி அது. இறக்குமதிதான் காரணம் என்று தொழிலாளர்கள் விண்ணப்பம் போட்டு நிலைநாட்ட வேண்டும். 1969 வரை ஒரு விண்ணப்பம்கூட ஏற்கப்படவில்லை! பிறகு விதிகளைத் தளர்த்தினார்கள். அப்போதும் மேலே சொன்ன ஊர்களுக்கு அந்தத் திட்டத்தில் வந்தது சொற்பத் தொகை. இயலாமை உதவித்தொகை அதைவிடப் பல மடங்கு. 2022 ஜூலையில் திட்டத்தின் காலமும் முடிந்து, புது விண்ணப்பங்களுக்கு ஒப்புதல் தருவது நின்றுபோனது.

சரி, வரிக்கு வருவோம். 2018 ஜனவரியில் இறக்குமதியாகும் சலவை இயந்திரங்களுக்கு அமெரிக்கா வரி போட்டது. கொரிய நிறுவனங்கள் அங்கேயே ஆலை திறந்தன, வேலையும் வந்தது. ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தபோது சுமார் 1,800 வேலைகள். இயந்திரத்தின் விலை ஏறத்தாழ 12 சதவீதம் ஏறியது. துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வரியே கிடையாது, அதன் விலையும் அதே அளவு ஏறியது. இரண்டையும் ஜோடியாகத்தானே வாங்குகிறார்கள், கடைக்காரர் ஏற்றத்தைப் பிரித்துப் போட்டுவிட்டார். அப்படி வந்த ஒவ்வொரு வேலைக்கும், இயந்திரம் வாங்கியவர்கள் விலையேற்றமாக ஆண்டுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முன்பே வேலை இழந்தவர்கள் கையில் நேராகக் கொடுத்திருக்கலாம். புது வேலைகளோ புது ஆலை எழும்பிய ஊர்களுக்குப் போயின.

அதற்காக, வரியே ஆகாது என்று சொல்பவனல்ல நான். கரீபியன் கடலில் உள்ள ஏழை நாடான ஹெய்ட்டி 1990களின் நடுவில் வெளியார் நெருக்குதலால் அரிசி மீதான இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தது. அமெரிக்க மானிய அரிசி வந்து குவிந்து, உள்ளூர் உழவர்கள் எழ முடியாமல் விழுந்தார்கள். அந்தக் கொள்கையை முன்னின்று நடத்திய முன்னாள் அமெரிக்க அதிபர் கிளின்டனே 2010இல் அது தவறு என்று செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். ஏழை உழவரைக் காக்கும் வரி வேறு, மூடிய ஆலை திறக்கும் என்று ஆசை காட்டிப் போடும் வரி வேறு.

அப்புறம், அந்த மலிவுச் சரக்கைச் செய்தவரையும் நாம் மறக்கக் கூடாது. வங்கதேசத்தில் துணி தைக்கும் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிவதற்கு முந்தின நாளே அதில் விரிசல் கண்டது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. மேலே தைத்துக்கொண்டிருந்தவர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று 1,100 பேருக்கு மேல் இடிபாட்டில் செத்தார்கள். அடுத்த மாதமே பெரிய துணி நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளைச் சோதித்தன. மீறினால் வழக்கு என்று எழுதினால் காரியம் நடக்கிறது. நல்லெண்ண அறிக்கைகள் அதற்கு முன்பும் இருக்கத்தான் இருந்தன.

ஆகவே சந்தையைத் திறக்கும் அதே சட்டத்தில், அதே நாளில், ஈட்டுத்தொகையும் எழுதப்பட வேண்டும். எப்படிப்பட்ட ஈடு என்று கேட்டால், எனக்குப் பிடித்தது சம்பளக் காப்பீடு. 50 வயதானவரைத் திரும்ப வகுப்பில் உட்காரவைத்துக் கணினி கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் கண்துடைப்பு. அமெரிக்கத் திட்டத்தின் ஒரு மூலையில், அந்த வயதினர் குறைந்த சம்பள வேலைக்குப் போனால் பழைய சம்பளத்துக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அரசே இரண்டு ஆண்டு வரை கொடுக்கும் சம்பளக் காப்பீட்டு ஏற்பாடு இருந்தது. அதைப் பெற்றவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். அந்த இரண்டு ஆண்டை ஐந்தாக நீட்டலாம். பணம் எங்கே என்பார்கள். இறக்குமதிக்கு இப்போதே வசூலாகும் வரியில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கிவைக்கலாம்.