ராணுவக் குடியிருப்பில் வளர்ந்த குழந்தைப் பருவம் எப்படி இருந்தது? மீண்டும் வாய்ப்பு கிடைத்தால் அங்கேயே வளர விரும்புவீர்களா?

என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்தவர். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து நான் பதினொன்றாம் வகுப்புக்கு வரும் வரை நானும் தம்பியும் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். எப்போதும் விசில் சத்தமும் கட்டுப்பாடுமாக இருந்திருக்குமே என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கட்டுப்பாடெல்லாம் அப்பாவோடு யூனிட்டில் நின்றுவிடும். எங்கள் வீட்டின் விசேஷம் வேறு: அதில் எதுவுமே எங்களுடையது இல்லை.

ஜவான்கள் எல்லோருக்கும் போதுமான வீடுகள் அப்போது இருந்ததில்லை. சீனியாரிட்டிப் பட்டியலில் அப்பாவின் பெயர் மேலேறி வரும் வரை அம்மா எங்களை வைத்துக்கொண்டு வேலூர் பக்கம் தாத்தா வீட்டில் காத்திருந்தார். பிறகு ஒரு கோடை விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி, அங்கிருந்து வேறு ரயிலில் ஹரியானாவின் அம்பாலா. இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் வராந்தா, பின்னால் மதில் வைத்த சிறு முற்றம். நாங்கள் உள்ளே கால் வைத்தபோது அப்பா ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எம்.இ.எஸ். என்ற ராணுவக் கட்டடப் பராமரிப்புத் துறையின் ஊழியரோடு அறை அறையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். குழாய் எத்தனை, பல்பு ஹோல்டர் எத்தனை, ஃபேன் ரெகுலேட்டர் சுழல்கிறதா, எந்த ஜன்னல் கண்ணாடியில் ஏற்கெனவே விரிசல் என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் குறித்த பிறகுதான் கையெழுத்து. கட்டிலும் மேசையும் நாற்காலியும் வாடகைக்கு வந்தவை. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் எண் எழுதியிருக்கும். தம்பி எண்களை வாசிக்கப் பழகியதே கட்டில் காலைப் பார்த்துத்தான்.

சுவரில் ஆணி அடிக்க அம்மா விடமாட்டார். அடித்தால் காலி செய்யும்போது ஓட்டையை அடைத்துக் கொடுக்க வேண்டுமே. ஆகவே நாங்கள் இருந்த எல்லா வீடுகளிலும் முருகன் காலண்டர் ஜன்னல் கம்பியில் நாடா கட்டித்தான் தொங்கியது. காற்றடித்தால் முருகன் முதுகைக் காட்டுவார்; விளக்கேற்றும் முன் அம்மா அவரை நேராகத் திருப்பி வைப்பார். அப்பா ஓய்வு பெற்று ஊரில் சொந்த வீடு கட்டி வருடங்களாகின்றன. இன்றும் அங்கே யாராவது சுத்தியலை எடுத்தால் அம்மாவுக்கு முகம் மாறிவிடுகிறது.

எங்களுக்கே எங்களுக்கென்று இருந்தவை கறுப்பு டிரங்குப் பெட்டிகள் மட்டும். மூடியில் அப்பாவின் எண், ரேங்க், பெயர். பகலில் அவற்றை வரிசையாகப் போட்டு மேலே போர்வை விரித்தால் விருந்தாளிகள் உட்காரும் பெஞ்சு. தம்பிக்கு அதுவே படிக்கும் மேசை. நாயக்காக இருந்த அப்பா ஹவில்தார் ஆனபோது பழைய ரேங்கைக் கறுப்புப் பெயின்ட்டால் மறைத்து அதன்மேல் புதியதை எழுதினார். ஒரு கோட் அடித்ததோடு விட்டுவிட்டதால், சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் 'ஹவில்தார்' என்பதற்கு அடியில் 'நாயக்' புடைத்துக்கொண்டு தெரியும். அந்தப் பெட்டியில் இப்போது என் மகளின் பழைய ஸ்வெட்டர்கள் கிடக்கின்றன.

முற்றத்தில் எங்களுக்கு முன்பிருந்த யாரோ வைத்த கொய்யா மரம் ஒன்று இருந்தது. நாங்கள் தின்று தீர்த்தோம். ஊரிலிருந்து பால் பவுடர் டின்னில் வைத்துக் கொண்டுபோன கறிவேப்பிலைக் கன்று அம்பாலாவின் ஜனவரிப் பனியில் இலை முழுவதையும் கொட்டிவிட்டுக் குச்சியாக நின்றது. பிடுங்கிப் போடச் சொன்னார் அப்பா. அம்மா அதற்குச் சாக்கு சுற்றினார். மார்ச்சில் அது துளிர்த்தபோது எங்கள் வரிசையில் இருந்த அத்தனை வீடுகளிலிருந்தும் பார்க்க வந்தார்கள். தாளிப்பதற்கு ஆளுக்கு இரண்டிரண்டு இலை கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேட்காமல் எப்படி இருப்பார்கள்? மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு ஆள் எடுப்பது தென் மாநிலங்களிலிருந்து. பட்டாலியன் எங்கே போனாலும் மொத்தமாகப் போகும். ஆகவே ஹரியானாவின் நடுவில் எங்கள் வரிசை மட்டும் தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமுமாகக் கலந்து கிடந்தது. பெண்கள் தங்களுக்குள் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று யாராலும் சொல்லிவிட முடியாது. எல்லாவற்றிலும் கொஞ்சம், மிச்சத்துக்குக் கை ஜாடை. பக்கத்து வீட்டுச் சேச்சி எங்கள் வீட்டுக்கு வந்து அரிசி புடைத்துக்கொண்டே புட்டுக்குத்தான் கிழங்குக்குழம்பு சேரும் என்று அம்மாவோடு மல்லுக்கு நிற்பார். ஞாயிற்றுக்கிழமை மந்திர் பரேடுக்கு எல்லோரும் போவோம். கோயிலும் தேவாலயமும் மசூதியும் ஒரே வளாகத்தில் இருக்கும் சர்வ தர்ம ஸ்தலம் அது. பிரசாதம் எங்கே கொடுக்கிறார்களோ அங்கே பிள்ளைகள் நிற்போம்.

அதிகாரிகள், அவர்களுக்கும் ஜவான்களுக்கும் இடைப்பட்ட ரேங்கான ஜே.சி.ஓ.க்கள், ஜவான்கள் என்று குடியிருப்புகள் தனித்தனி. யாரும் சொல்லித்தராமலே எந்த மைதானத்தில் விளையாடலாம், எந்தப் புல்வெளியில் கால் வைக்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். பெண்களுக்கும் கணவரின் ரேங்க் ஒட்டிக்கொண்டுவிடும். குடும்ப நலக் கூட்டத்தில் யார் எந்த வரிசையில் உட்கார்வது என்பது ஒருவரும் எழுதி வைக்காத சட்டம். எனக்கு இன்றுவரை உறுத்துவது இது ஒன்றுதான். ஆனால் அதே கூட்டங்களுக்குப் போய்த்தான் ஊரில் தனியாகக் கடைத்தெருவுக்குக்கூடப் போயிராத என் அம்மா பின்னலும் ஹிந்தியும் கற்றுக்கொண்டார்.

பள்ளி கேந்திரிய வித்யாலயா. 1963-இல் ராணுவ ஊர்களில் இருந்த ரெஜிமென்ட் பள்ளிகள் 20-ஐ எடுத்துக்கொண்டு தொடங்கிய அமைப்பு என்பதால் எங்களைப் போன்றவர்களுக்காகவே உண்டானது எனலாம். நாட்டின் எந்த மூலைக்கு மாற்றல் ஆனாலும் அதே புத்தகம், கிட்டத்தட்ட அதே பாடம். ஆனால் தமிழ் இல்லை. நான் தமிழ் படித்தது தாத்தாவின் இன்லண்ட் கடிதங்களில்தான். அவர் பழைய காலத்து மனிதர், எழுத்துக்குப் புள்ளியே வைக்கமாட்டார். மடிப்பு ஓரங்களில்கூடச் சுற்றிச் சுற்றி எழுதியிருப்பார். அம்மா அதை என்னிடம் கொடுத்து, புள்ளி வரவேண்டிய இடங்களில் பென்சிலால் வைக்கச் சொல்வார். எது மெய், எது உயிர்மெய் என்பதை வாக்கியத்தின் பொருளை வைத்து ஊகித்தாக வேண்டும். அதைவிடக் கடினமான தமிழ்ப் பரீட்சையை நான் பிறகு எழுதவில்லை.

ராணுவத்தினருக்குச் சலுகை விலையில் பொருள் விற்கும் கேண்டீனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உறவினர்கள் கோபித்துக்கொள்வார்கள். லீவில் ஊருக்குப் புறப்படும் முன்பே சித்தப்பாக்களின் பட்டியல் வந்துவிடும். சோப்பு, பிளாஸ்க், பிரஷர் குக்கர், அப்புறம் பட்டியலில் எழுதாமல் வாய்வழியாக மட்டும் சொல்லப்படும் பாட்டில்கள். நாங்கள் கொண்டுபோனதில் பாதி எடை அதுதான்.

2001 டிசம்பர் 13-ஆம் தேதி நாடாளுமன்றத்தைத் தாக்கினார்கள். அந்த மாதமே படைகளைப் பாகிஸ்தான் எல்லைக்கு நகர்த்தும் ஆபரேஷன் பராக்ரம் தொடங்கியது. இரவெல்லாம் லாரிகளில் சாமான் ஏற்றும் சத்தம் கேட்டது. பள்ளி திறந்தபோது எங்கள் வகுப்பில் பாதிப்பேருக்கு அப்பா ஊரில் இல்லை. யூனிட்டில் ரியர் பார்ட்டி என்று ஒரு சிலரை விட்டுவிட்டுப் போவார்கள். கேஸ் சிலிண்டர், ஆஸ்பத்திரி வண்டி, சம்பளப் பணம் எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். மற்றபடி அந்தக் குடியிருப்பு 2002 அக்டோபரில் படைகளைத் திரும்ப அழைக்க முடிவெடுக்கும் வரை பெண்களாலும் பிள்ளைகளாலும் ஓடியது.

அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் ஊர்ப்பெயர் கிடையாது. எண், பெயர், யூனிட், அதன் கீழே 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக எண். அவ்வளவுதான். அவர் ராஜஸ்தானில் இருக்கிறாரா பஞ்சாபில் இருக்கிறாரா என்று உறையைப் பார்த்து யாருக்கும் தெரியாது. பதில் கடிதத்தில் மணல் இருந்ததை வைத்து ராஜஸ்தான் என்று நானும் தம்பியும் தீர்ப்பு எழுதினோம். தெலுங்குக் குடும்பத்து அக்கா ஒருவருக்கு எழுதப் படிக்க வராது. அவர் கணவரின் கடிதத்தை வேறொரு வீட்டுப் பெண் வாசித்துச் சொல்வார். அந்த நேரத்தில் பிள்ளைகளை முற்றத்துக்கு விரட்டிவிடுவார்கள்.

சண்டை மூளவில்லை. ஆனால் எல்லையில் கண்ணிவெடி புதைக்கும்போதும் எடுக்கும்போதும் விபத்துகள் நடந்தன, பலர் இறந்தார்கள். வேளைகெட்ட வேளையில் ஜீப் ஒன்று அதிகாரியின் மனைவியையும் ஏற்றிக்கொண்டு குடியிருப்புக்குள் நுழைந்தால் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். ஒரு முறை அது எங்கள் வரிசையைத் தாண்டிப் போய் அடுத்த வரிசையில் நின்றது. அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சேச்சி ஒரு பாத்திரம் நிறையக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். அந்தக் குடும்பம் சில வாரங்களில் ஊருக்குப் புறப்பட்டது. அந்தப் பையன் என் தம்பியின் வகுப்பு. அவனுடைய கிரிக்கெட் மட்டை எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அனுப்ப எங்களிடம் முகவரி இல்லை.

அப்பா திரும்பி வந்து சில மாதங்களில் மாற்றல். வீட்டை ஒப்படைப்பது வீட்டுக்கு வருவதைவிடப் பெரிய வேலை. அம்மா தரையைச் சோடா உப்புப் போட்டுத் தேய்ப்பார், அப்பா கதவுக் கொண்டிகளுக்கு எண்ணெய் விடுவார். மறுபடி அதே பட்டியலோடு ஒருவர் வந்து அறை அறையாகப் பார்ப்பார். தம்பி பந்தால் உடைத்த கண்ணாடிக்குப் பணம் கட்டினோம், கட்டிலின் எண்கள் சரிபார்க்கப்பட்டன, கையெழுத்து. கறிவேப்பிலை பட்டியலில் இல்லை. அதைப் பிடுங்கி எடுத்துவர அம்மாவுக்கு மனம் வரவில்லை.

இப்போது நிலைமை பரவாயில்லை என்கிறார்கள். திருமணமானவர்களுக்கு வீடு கட்டுவதற்கென்றே 2002-இல் தனி இயக்குநரகம் உண்டாகி, பல ராணுவ ஊர்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பியிருக்கின்றன. எங்கள் காலத்து முற்றம் அவற்றில் இருக்காது.

மீண்டும் அங்கே வளர விரும்புவேனா என்றால், எட்டாம் வகுப்பு வரை கண்ணை மூடிக்கொண்டு சரி என்பேன். கேட்டவரின் கணவர் ராணுவத்தில் இருந்து, பிள்ளை சிறு வகுப்பில் இருந்தால் யோசிக்காமல் அழைத்துப் போங்கள். தமிழை மட்டும் நீங்களே வீட்டில் சொல்லிக் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் வேறு கணக்கு. சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வுக்கு ஒன்பதிலும் பதினொன்றிலும் பெயர் பதிவார்கள், அதன்பின் நடுவில் பள்ளி மாறுவது பெரும் தலைவலி. நான் பதினொன்றில் இருந்தபோது அப்பாவுக்கு மாற்றல் வந்தது; அவர் தனியாகப் போனார், நாங்கள் தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டோம்.