நிற்காத வகுத்தல்: ஓர் ஆசிரியையின் கடிதமும் பதிலும்

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை. எனது ஏழாம் வகுப்பில் 28 பிள்ளைகள். அவர்களில் பத்துப் பேர் ஈரிலக்க எண்ணால் வகுக்க இன்னமும் தடுமாறுகிறார்கள். அதே வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். தசம எண்கள் நடத்திக்கொண்டிருந்தபோது எழுந்து, “மிஸ், ஒன்றை எட்டால் வகுத்தால் நின்றுவிடுகிறது, ஏழால் வகுத்தால் நிற்கவே மாட்டேன் என்கிறது. எந்த எண்ணுக்கு நிற்கும் என்று வகுக்காமலே சொல்ல முடியுமா?” என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மேல்வகுப்பில் வரும் என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தலைமையாசிரியரிடம் பேசினேன். அடுத்த ஆண்டு என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார்செய்யுங்கள் என்றார். ஒரு பிள்ளையைத் தனியாகத் தூக்கிவைத்தால் மற்றவர்கள் மனம் சுருங்கிவிடும் என்றும் சொன்னார். வகுக்கத் தெரியாத பத்துப் பேரை விட்டுவிட்டு, தானாகவே படித்துக்கொள்ளும் ஒருத்திக்கு நேரம் செலவிடுவது நியாயமா? இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி என்னதான் வைத்திருக்கிறது?

(பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் நீக்கியிருக்கிறேன்.)

மதிப்புக்குரிய ஆசிரியைக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தில் எனக்கு உடன்பாடில்லாத சொற்கள் மூன்றுதான்: “தானாகவே படித்துக்கொள்ளும் ஒருத்தி”. அறிவுள்ள பிள்ளை எப்படியும் முளைத்துவிடும் என்ற நம்பிக்கை நம் பள்ளிகளில் ஊறிப்போயிருக்கிறது. முளைக்காமற்போனவர்களைப் பற்றி யாரும் கணக்கு வைத்திருப்பதில்லை என்பதனாலேயே அது பொய்யாகாமல் நீடிக்கிறது. என்னோடு எட்டாம் வகுப்பில் படித்த ஒருவன், கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவான். ஆனால் வழிமுறையை எழுதமாட்டான். பார்த்து எழுதினாயா என்று கேட்டு ஆசிரியர் பிரம்பால் அடிப்பார், அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வான். அவனைப் பற்றிப் பள்ளி அறிந்து வைத்திருந்தது, அவன் அடங்காதவன் என்பது மட்டுமே. பத்தாம் வகுப்பை அவன் முடிக்கவில்லை.

அரசு என்ன வைத்திருக்கிறது என்று கேட்டீர்கள். என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் திட்டம் 2008இல் மத்திய அரசால் தொடங்கப்பட்டது. எட்டாம் வகுப்பில் தேர்வு. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் இடங்கள், அவற்றில் தமிழ்நாட்டுக்கு 6,695. ஊரகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு நூறு பேர், பாதி ஆண்கள், பாதி பெண்கள், ஆண்டுக்கு 1,000 ரூபாய். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு என்பதை இருமுறை படித்து உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. 2023இலிருந்து பதினொன்றாம் வகுப்பில் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு வந்திருக்கிறது. ஆயிரம் பேருக்கு, பட்டப்படிப்பு முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 1963இல் தில்லியில் முளைவிட்டு நாடெங்கும் புகழ்பெற்ற தேசியத் திறனறித் தேர்வு, 2021க்குப் பிறகு நடைபெறவில்லை.

இவற்றைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு பெண்ணைப் பன்னிரண்டாம் வகுப்புவரை பள்ளியில் நிறுத்திவைக்கக்கூடிய வீடுகள் நம் ஊர்களில் நிறைய உண்டு. ஆகவே உங்கள் தலைமையாசிரியர் சொன்னதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாமே எட்டாம் வகுப்பிலோ அதற்கு மேலோதான் கண்விழிக்கின்றன, தேர்வு ஒன்றையே கண்ணாகக் கொண்டிருக்கின்றன, பணம் ஒன்றையே கையில் வைத்திருக்கின்றன. உதவித்தொகை வாங்கும் பிள்ளையும் திங்கட்கிழமை காலையில் அதே பெஞ்சில் அதே பக்கத்தைத்தான் புரட்டுகிறாள். அவளுக்காக அந்த வகுப்பறையில் ஏதும் மாறுவதில்லை.

தேர்வு யாரைக் கண்டுபிடிக்கிறது என்பதும் யோசிக்க வேண்டியது. என்.எம்.எம்.எஸ். தேர்வில் மனத்திறனுக்கு 90 வினாக்கள், படிப்பறிவுக்கு 90 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம் என்ற ஓட்டத்தில், ஒரே கேள்வியை மூன்று நாள் மனத்தில் உருட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை பின்தங்கிவிடலாம். மாலையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து எண்தொடர்களையும் படத்தொடர்களையும் பழக்கும் ஆசிரியர் ஒருவர் இருக்கும் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் பலர் தேறுவார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் விண்ணப்பிப்பதற்கே ஆள் இருக்காது. ஆகவே இத்தேர்வு மாணவரைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு ஆசிரியரையும் கண்டுபிடித்துக் கொடுக்கிறது என்பதே என் எண்ணம்.

அப்படியானால் ஆசிரியரே கண்டுபிடித்துச் சொன்னால் போதுமா என்றால், அதிலும் ஒரு வலுவான எச்சரிக்கை இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பிரவர்ட் என்ற பெரிய பள்ளி மாவட்டம், நெடுங்காலமாக ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த குழந்தைகளை மட்டுமே உளவியலாளரிடம் அனுப்பி, மீத்திறன் வகுப்புகளுக்குச் சேர்த்துவந்தது. 2005இல் முறையை மாற்றி, இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவருக்கும் சொற்கள் தேவைப்படாத, வடிவங்களைக் கொண்ட ஒரு சிறு சோதனையை வைத்தார்கள். டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற இரு பொருளியலாளர்கள் அந்த விவரங்களை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள்: ஏழைக் குழந்தைகள், கறுப்பினக் குழந்தைகள், ஸ்பானிய வழியினர், வீட்டில் ஆங்கிலம் பேசாதவர்கள், பெண் குழந்தைகள் ஆகியோரின் எண்ணிக்கை கூடிவிட்டது. அத்தனை காலமும் அந்தக் குழந்தைகள் அதே வகுப்புகளில் உட்கார்ந்துதான் இருந்தார்கள். யார் கண்ணிலும் படவில்லை. பின்னர் நிதி நெருக்கடியில் அந்தப் பொதுச் சோதனை நிறுத்தப்பட்டது, பழைய ஏற்றத்தாழ்வும் திரும்பி வந்துவிட்டது.

நம் பள்ளிகளில் நுண்ணறிவுச் சோதனை வைக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதே ஆய்வாளர்கள் அதே மாவட்டத்தைப் பற்றி முன்னரே செய்த இன்னோர் ஆய்வில், அந்த வகுப்புகளுக்கு ஐ.க்யூ. எனப்படும் நுண்ணறிவு எண்ணைக் கொண்டு நுழைந்தவர்களுக்குப் படிப்பில் பெரிய ஏற்றம் எதுவும் தெரியவில்லை. முந்தைய ஆண்டு வகுப்பில் நன்றாகப் படித்ததற்காகக் காலியிடங்களில் சேர்க்கப்பட்டவர்களே, அதிலும் சிறுபான்மை இனக் குழந்தைகளே, மிகுந்த பயன் பெற்றிருந்தார்கள். எண்ணை விட, கடினமான பாடமும் அதை எடுக்க ஒருவரும் கிடைப்பதுதான் பிள்ளைக்கு உதவுகிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். உங்களுக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. இந்தப் பெண் உங்கள் கண்ணில் பட்டது, அவள் எழுந்து கேட்டதால். எழுந்து கேட்காதவர்கள் மற்ற 27 பேரில் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இனி உங்கள் நியாயக் கேள்வி. பத்துப் பேரா, ஒருத்தியா என்று தராசில் நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. அவள் கேட்ட கேள்வியையே வகுப்புக்குப் போடுங்கள். 2 முதல் 29 வரை சரியாக 28 எண்கள், ஆளுக்கு ஒன்று. ஒன்றை அந்த எண்ணால் வகுத்து, ஒவ்வொரு படியிலும் வரும் மீதியை ஓரத்தில் எழுதிக்கொண்டே வரச் சொல்லுங்கள். தடுமாறும் பத்துப் பேருக்கு 11, 12, 15, 16, 18, 20, 22, 24, 25, 27 ஆகியவற்றைக் கொடுங்கள். எல்லாம் ஈரிலக்க எண்கள், எல்லாம் சில படிகளிலேயே நின்றுவிடும், அல்லது திரும்பத் தொடங்கிவிடும். அவர்களுக்குத் தேவையான வகுத்தல் பயிற்சியும் அதுவே. 17, 19, 23, 29 நான்கும் பொல்லாதவை. 29க்கு 28 இலக்கம் போன பிறகுதான் திரும்பும். அவற்றைச் சலிக்காதவர்களுக்குக் கொடுங்கள். விடைகளை எல்லாம் ஒரே அட்டவணையாகச் சுவரில் ஒட்டிவிட்டு, எவை நின்றன, ஏன் நின்றன என்று அந்தப் பெண்ணையும் விரும்புகிறவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். நின்றவற்றின் பகாக் காரணிகள் 2, 5 தவிர வேறில்லை என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

அவளுக்கு அது போதாமற்போகும். 7ஆல் வகுக்கும்போது மீதி 3, 2, 6, 4, 5, 1 என்று வந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதைக் காட்டி, ஏழாவது புது மீதி ஏன் வர முடியாது என்று கேளுங்கள். பிறகு 13. அதற்குப் பன்னிரண்டு மீதிகள் வரலாம், ஆனால் ஆறிலேயே வட்டம் முடிந்துவிடுகிறது. மற்ற ஆறும் எங்கே போயின? 2ஐ 13ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் விடையைச் சொல்ல வேண்டாம். மேல்வகுப்பில் வரும் என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை. முடிவுறு தசமங்கள் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில்தான் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகள் அந்தக் கேள்வியை அவள் அணையாமல் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் அதிகம். உங்களுக்கும் பதில் உடனே வரவில்லை என்பதை அவளிடம் சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொன்ன ஆசிரியர் ஒருவரும் வாய்க்கவில்லை.

அரசு மாதிரிப் பள்ளிகளைப் பற்றிப் பெற்றோர் விரைவில் உங்களிடம் கேட்பார்கள். திறமையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மாவட்டத்துக்கு ஒன்றாக அமைந்த உறைவிடப் பள்ளியில் சேர்த்து, உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தயார்செய்கிறார்கள், பயன் கண்கூடு. மும்மொழிக் கொள்கையை ஏற்காததால் மத்திய அரசின் நவோதயா உறைவிடப் பள்ளிகள் வராத மாநிலத்தில், இதற்கு ஒரு தேவையும் இருந்தது. ஆயினும் நல்ல பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துவிட்டால் ஊர்ப்பள்ளியில் எஞ்சுவது என்ன என்ற கேள்வியை என்னால் ஒதுக்க முடியவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணை விடுதிக்கு அனுப்புவதை வீட்டார்தான் முடிவுசெய்ய வேண்டும், அவளையும் கேட்டு.

அதற்கிடையே, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழைப் பள்ளிக்கு வரவழையுங்கள். பத்து வயதிலிருந்தே பங்கேற்கக்கூடிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் பிள்ளைகளை ஒரு குழுவாக்கிப் பாருங்கள். வகுக்கத் தடுமாறுகிறவர்களில் ஒருவராவது அந்தக் குழுவில் இருக்கட்டும்.

இன்னும் ஒன்று. எட்டாம் வகுப்போடு அவள் உங்கள் பள்ளியை விட்டுப் போய்விடுவாள். எமிஸ் எனப்படும் கல்வித்துறையின் இணையப் பதிவேட்டில் அவளது பிறந்த நாளும் மதிப்பெண்ணும் இரத்த வகையும் அவளோடு உயர்நிலைப் பள்ளிக்குப் போகும். என்ன கேட்டாள் என்பது போகாது, அதற்குக் கட்டம் இல்லை. அந்த வகுத்தல் நோட்டைப் பத்திரப்படுத்தி, முதல் பக்கத்தில் நீங்களே நான்கு வரி எழுதி, புதிய கணக்காசிரியரின் கையில் நேரில் கொடுங்கள். 13இன் மற்ற ஆறு மீதிகளை அவள் கண்டுபிடித்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.