பன்றிக்கறி ஏற்றுமதி படிக்கணும் என்கிற பையனும் தூக்கம் கெட்ட அப்பாவும்

அண்ணே, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை, பன்றிக்கறி ஏற்றுமதிக்கு என்ன படிக்கணும் என்று கேட்கப் பையனோடு குமுளியில் என் அலுவலகத்துக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். பையன் பேசினான், நீங்கள் பேசவில்லை. இரவு போனில்தான் கேட்டீர்கள்: "பன்னி மேய்க்கிறதுக்காம்மா பன்னிரண்டாவது வரைக்கும் படிக்க வச்சேன்?" அப்போது சட்டென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தம்பிக்கும், அதாவது உங்கள் பையனுக்கும், படித்துக் காட்டுங்கள்.

முதலில் உங்கள் மனதில் இருக்கிற விஷயத்தையே எடுத்துக்கொள்வோம், சுற்றி வளைக்க வேண்டாம். வண்டிப்பெரியாறில் கிறிஸ்துமஸ் வந்தால் பக்கத்து வீட்டு சிரியன் கிறிஸ்தவ அச்சாயன் வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் பன்றிக்கறி வறுவலும் பந்தியில் முதல் வரிசை. மலை இறங்கிக் கம்பத்துக்குப் போனால் அதே விலங்கின் பெயர் திட்டுகிற வார்த்தை. இரண்டுக்கும் நடுவே ஒரு மலை இறக்கம்தான். கம்பத்துச் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், நாளைக்குப் பொண்ணு கொடுப்பார்களா என்று நீங்கள் யோசிப்பதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி கேட்கிற படிப்பு கொட்டிலில் முடிகிற படிப்பு இல்லை. அது அவனுக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை. வாரக் கடைசியில் ஒரு பன்றிப் பண்ணையில் கை உதவிக்குப் போகிறான், யாரோ "வெளிநாட்டுக்கு அனுப்பினா கோடி" என்று சொல்லியிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டான்.

கோடி இருக்கிறது, பொய் இல்லை. 2024-ல் அமெரிக்கா மட்டும் 30 லட்சம் டன்னுக்கு மேல் பன்றி இறைச்சியை வெளிநாடுகளுக்கு விற்று 860 கோடி டாலர் பார்த்தது. அதை அதிகம் வாங்குவது மெக்சிகோ. பிரேசில் அதே வருடம் 13 லட்சம் டன்னைத் தாண்டியது. டென்மார்க் நம் கேரளத்தைவிடக் கொஞ்சம் பெரிய நாடு, மக்கள்தொகை அறுபது லட்சம்தான். வெட்டுகிற கறியில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குத்தான் போகிறது. அங்கே ஒரு தாய்ப்பன்றி வருடத்துக்குப் பால் மறக்கடித்துத் தருகிற குட்டிகள் சராசரியாக 30-க்கு மேல்.

நம் நாட்டுக் கணக்கு வேறு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மொத்தம் 90 லட்சம் பன்றிகள். அதற்கு முந்தைய 2012 கணக்கெடுப்பைவிட 12 சதவீதம் குறைவு. அதிலும் கிட்டத்தட்ட பாதி வடகிழக்கு மாநிலங்களில், அங்கேயே தின்று தீர்கிறது. இந்தியா இறைச்சி ஏற்றுமதியில் பெரிய நாடுதான், ஆனால் போவது எருமைக்கறி. பன்றிக்கறி அந்தக் கணக்கில் ஓரத்தில் ஒரு சொட்டு. 2022 ஜனவரியில் அமெரிக்கப் பன்றிக்கறியை இங்கே இறக்குமதி செய்யவே அனுமதி கொடுத்தாயிற்று. பெரிய ஓட்டல்களுக்கு வருகிற பேக்கனையும் ஹாமையும் பார்த்தால் புரியும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று.

ஏன் நம்மால் முடியவில்லை? கறி ருசி இல்லை என்றா? இல்லை. ஏலக்காயை வைத்துச் சொன்னால் உங்களுக்கு உடனே விளங்கும். புற்றடியில் ஏலம் போகிற காய்க்குப் பச்சை நிறம் இருக்கிறது, 8 மில்லி மீட்டர் பருமன் இருக்கிறது, வாசனை இருக்கிறது. ஆனால் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதென்று சவுதி திருப்பி அனுப்பியபோது நம் தோட்டங்களில் எல்லோர் வயிற்றிலும் அடி விழுந்தது. கறியில் இது பத்து மடங்கு. அங்கே மருந்து மட்டும் இல்லை, நோய். வாங்குகிற நாடு கறியைப் பார்ப்பதற்கு முன் அது வருகிற ஊரில் என்ன நோய் இருக்கிறது என்று பார்க்கும்.

மாடு, பன்றிக்கு வாயிலும் காலிலும் புண் வருகிற கோமாரி நோய் இருக்கிற நாட்டிலிருந்து ஜப்பான், கொரியா மாதிரி நல்ல விலை தருகிற நாடுகள் பச்சைப் பன்றிக்கறி எடுக்காது. எருமைக்கறி மட்டும் எப்படிப் போகிறது என்று தம்பி கேட்டான், நல்ல கேள்வி. வெட்டிய பிறகு குளிர் அறையில் ஒரு நாள் தொங்கவிட்டால் சதைக்குள் புளிப்பு ஏறும். புளிப்பை அளக்கிற பி.எச். எண் 6-க்குக் கீழே இறங்கினால் கோமாரிக் கிருமி சாகும். அப்புறம் எலும்பு, நிணநீர்க் கட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அனுப்புகிறார்கள். இந்த ஒரு வேலைக்குப் பின்னால் எத்தனை கால்நடை மருத்துவர்கள், லேப் ஆட்கள், வெப்பநிலை குறித்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் தம்பிக்குக் காட்டுகிற வேலை அதில்தான் இருக்கிறது.

பிரேசிலில் சாந்தா கத்தரினா என்று ஒரு மாநிலம். சின்ன மாநிலம், சின்னச் சின்னக் குடும்பப் பண்ணைகள். நாடு முழுக்கக் கோமாரி தீரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தங்கள் மாநில எல்லையில் காவல் போட்டு, தடுப்பூசியே போடாமல் கோமாரி இல்லாத பகுதி என்று 2007-ல் உலக விலங்கு நல அமைப்பிடம் பெயர் வாங்கினார்கள். ஜப்பான் கதவைத் திறக்க அதற்குப் பிறகும் ஆறு வருடம் ஆனது, 2013-ல்தான். நாட்டின் மற்ற மாநிலங்களும் சேர்ந்து முழு பிரேசிலுக்கும் அந்தப் பெயர் கிடைத்தது 2025-ல். நம் செக்போஸ்ட்டில் லாரி டயருக்கு மருந்து அடிப்பதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். டென்மார்க் 2019-ல் ஜெர்மன் எல்லை நெடுக 70 கிலோமீட்டருக்குக் காட்டுப்பன்றி வராமல் வேலியே போட்டது.

அவர்கள் பயந்தது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு. மனிதனுக்கு ஒன்றும் செய்யாது, பன்றிக்கு வந்தால் கொட்டிலே காலி. 2018 ஆகஸ்டில் சீனாவில் தெரிந்தது. 5.4 கோடி டன்னாக இருந்த அவர்கள் உற்பத்தி 2020-ல் 3.6 கோடி டன்னுக்கு விழுந்தது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஐரோப்பாவும் பிரேசிலும் அமெரிக்காவும் ஓடின. 2020 செப்டம்பரில் ஜெர்மனியில் ஒரு செத்த காட்டுப்பன்றியில் கிருமி இருந்தது. உடனே சீனா ஜெர்மன் கறிக்குக் கதவைச் சாத்தியது. பண்ணைப் பன்றிக்குக்கூட இல்லை, காட்டில் கிடந்த ஒன்றுக்கு! அந்த விற்பனையில் நிறைய ஸ்பெயினுக்குப் போனது. கடைசியில் 2025 நவம்பரில் ஸ்பெயினிலும் பார்சிலோனா பக்கம் செத்த காட்டுப்பன்றியில் அதே கிருமி தெரிந்தது. இந்த வியாபாரத்தில் போட்டி என்பது விலையில் பாதி, நோய் இல்லை என்று காட்டுவதில் பாதி.

நம் பக்கமும் தெரியுமே. 2020-ல் அசாமில் வந்தது, 2022 ஜூலையில் வயநாட்டில், அதே வருடம் நம் இடுக்கியிலும். என் மாமா மகன் தொடுபுழைப் பக்கம் பண்ணை வைத்திருந்தான். நோய் வந்தது அவன் பண்ணையில் இல்லை. ஆனால் நோய் வந்த பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் நல்ல பன்றியையும் கொன்று புதைக்க வேண்டும் என்பது விதி. நான் போனபோது ஜேசிபி தோண்டின குழியை மூடி மேலே சுண்ணாம்பு போட்டிருந்தார்கள். வாசலில் கால் நனைக்கிற மருந்துத் தட்டு அப்படியே இருந்தது, அதில் மழைத் தண்ணி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவன் தினமும் ஓட்டல் மிச்சமும் கோழிக்கடைக் கழிவும் டிரம்மில் ஏற்றி வந்து போடுகிற ஆள். சரியாக வேக வைக்காத மிச்சத்தில் ஒரு துண்டு பன்றிக்கறி இருந்தால் போதும், கிருமி உள்ளே வர. இழப்பீடு வந்தது. தீவனக் கடைப் பாக்கிக்கும் நகைக்கடன் வட்டிக்கும் போனது.

அதனால் சொல்கிறேன், இப்போதைக்குத் தம்பி பெயரில் பண்ணை வேண்டாம். தேசிய கால்நடை இயக்கத்தில் 100 பெட்டை, 10 கிடா வைத்தால் 30 லட்சம் வரை மானியம் என்று யாராவது வந்து சொல்வார்கள். திட்டம் உண்மைதான். ஆனால் அது செலவில் பாதி, மீதிப் பாதி உங்கள் தலையில். சினை 114 நாள், குட்டி வளர்ந்து விற்க இன்னும் ஆறேழு மாதம். அதுவரை தீவனம் யார் போடுவது? எஸ்டேட் சம்பளத்தில் முடியாது. படித்து, வேறு இடத்தில் சம்பளம் வாங்கி, முப்பது வயதில் அவனுக்கு ஆசை மிச்சமிருந்தால் அப்போது வைக்கட்டும்.

இனி படிப்பு. என் முதல் விருப்பம் கால்நடை மருத்துவம், பி.வி.எஸ்ஸி. உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை வருடம். எந்த நாட்டுக்குக் கறி போனாலும் கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போட்ட சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் கண்டெய்னர் நகராது. கேரளத்தில் பூக்கோட்டிலும் மண்ணுத்தியிலும் கல்லூரி இருக்கிறது. இங்கே நீட் ரேங்க் வேண்டும். மண்ணுத்தியில் பன்றிக்கென்றே தனி ஆராய்ச்சி மையமும் உண்டு. தமிழ்நாட்டில் இதே படிப்புக்கு நீட் இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்தான். இதைக் கேட்டதும் உங்கள் முகம் மலரும், கொஞ்சம் பொறுங்கள். அவன் படித்தது கேரளத்தில், ரேஷன் கார்டு கேரளத்தில். தாத்தா உத்தமபாளையத்துக்காரர் என்பது மட்டும் போதாது. இருப்பிடச் சான்று விதியை இந்த வருட விளக்கக் குறிப்பேட்டில் வரி வரியாகப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லையில் இருக்கிற நம் பிள்ளைகள் இரண்டு பக்கமும் கால் வைத்து இரண்டையும் விடுவதை வருடா வருடம் பார்க்கிறேன். நீட்டை விடாமல் எழுதட்டும். தமிழ்நாட்டில் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கும் அதுதான் சாவி.

மார்க் எட்டவில்லையா? பி.டெக். ஃபுட் டெக்னாலஜி, நாலு வருடம். இதைக் குறைவாக நினைக்காதீர்கள். கறி வெட்டுகிற அறை 12 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, ஆறிய உடல் 7 டிகிரி, குடல் ஈரல் 3 டிகிரி, உறைந்தது மைனஸ் 18 என்பது ஐரோப்பிய விதி. இதை நாள் முழுக்க அளந்து, எழுதி, ஆய்வுக்கு வருகிறவரிடம் காட்டுகிற ஆள் இவர்தான். கால்நடை மருத்துவம் படித்தவரும் ஃபுட் டெக் படித்தவரும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் தேர்வு எழுதலாம்; உங்களுக்கு அரசு வேலை ஆசை உண்டென்று தெரியும், அதற்காகச் சொன்னேன். வெறும் பி.பி.ஏ. லாஜிஸ்டிக்ஸ் என்று பளபளப்பான நோட்டீஸோடு வருகிற கல்லூரிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

முதல் வேலை பன்றிக்கறியில் கிடைக்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கொச்சி பக்கம் அரூரில் இறால் ஏற்றுமதி நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கே இரண்டு வருடம் தரக்கட்டுப்பாட்டில் நின்றால், உறைய வைப்பது, பரிசோதனை, ஆவணம், வல்லார்பாடம் துறைமுகத்தில் குளிர் கண்டெய்னர் ஏற்றுவது எல்லாம் கைக்கு வரும். இறாலில் கற்றது கோழிக்கும் ஆகும், எருமைக்கும் ஆகும், நாளைக்குப் பன்றிக்கும் ஆகும். பன்றிக்கறி ஒரு கிலோகூட இந்தியாவை விட்டுப் போகாவிட்டாலும் அவன் வேலை போகாது. நான் இந்த வழிக்குத் தலையாட்டுவது அதனால்தான்.

தம்பி கனடா, ஐரோப்பா இறைச்சித் தொழிற்சாலை வேலையைப் பற்றியும் கேட்டான். வேலை உண்டு. குளிர் அறையில் எட்டு மணி நேரம் நின்று ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும், மணிக்கட்டு போகும். கட்டப்பனைப் பக்கத்துப் பையன் ஒருவன் இதற்காக ஓர் ஏஜென்டிடம் 4 லட்சம் கட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தான். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஏஜென்ட் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

ஒரு நாள் அவனைக் கூத்தாட்டுகுளம் பக்கம் எடையாரில் இருக்கிற மாநில அரசின் இறைச்சி நிறுவனத்தைப் பார்க்கக் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். முன் அனுமதி நான் கேட்கிறேன். நீங்களும் வாருங்கள் அண்ணே. ரத்தம் பார்த்து மயங்குகிற பையனா, வெள்ளைக் கோட்டு போட்டுக் குறிப்பெடுக்கிற பையனா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

அதற்கு முன், வருகிற சனிக்கிழமை பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, சாதிச் சான்று மூன்றின் நகலோடு அவனை அனுப்புங்கள். பண்ணையிலிருந்து நேராக வருவதாக இருந்தால் பூட்ஸை அங்கேயே கழுவி, மருந்தில் நனைத்து, விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். போன தடவை என் அலுவலகப் படியில் சேற்றோடு ஏறினான். கீழ்வீட்டுச் சேச்சியும் நாலு பன்றி வளர்க்கிறார்.